கடலுக்குள் கெட்டிமேளம்

கிணற்றில் நீந்திப் பழகியவர்களுக்கு இந்த விளையாட்டு தெரிந்திருக்கும். ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்குவான். இன்னொருவன் நீருக்குள்ளேயே இரண்டு கூழாங்கற்களைத் தட்டுவான். சத்தம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று முங்கியவன் எழுந்து சொல்ல வேண்டும். பெரும்பாலும் தப்பாகத்தான் சொல்வான். "மண்டைக்குள்ளேயே தட்டின மாதிரி இருந்தது" என்பான். அதே நேரத்தில் கிணற்றுப் படியில் நின்று அம்மா "ஏறி வாடா" என்று நாலு முறை கத்தியிருப்பாள். அது மட்டும் அவன் காதில் விழுந்திருக்காது. பையன் பொய் சொல்கிறான் என்று அவளுக்குக் கோபம்.

அவன் பொய் சொல்லவில்லை. பக்கத்தில் தட்டிய கல் மண்டைக்குள் கேட்கிறது. பத்தடி மேலே நிற்கும் அம்மாவின் குரல் கேட்கவேயில்லை. இந்த இரண்டு விந்தைகளையும் விளங்கிக்கொண்டால், உலகத்தின் எல்லாக் கடல்களிலும் இன்று நடந்துகொண்டிருக்கும் ஒரு தொல்லையும் விளங்கிவிடும்.

தண்ணீர்ச் சுவர்

முதலில் அம்மாவின் குரல். காற்று இளக்கமானது, தண்ணீர் இறுக்கமானது. காற்றில் வரும் ஒலி நீர்ப்பரப்பில் மோதும்போது, அந்த மெல்லிய உதறல் தண்ணீரை அசைக்கப் போதுவதில்லை. ஒலியின் ஆற்றலில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே இறங்குகிறது. மிச்சமெல்லாம் சுவரில் எறிந்த பந்து போலத் திரும்பிவிடுகிறது.

அடுத்தது கூழாங்கல். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். கடல்நீரில் சுமார் 1,500 மீட்டர். ஒரு சத்தம் வலக்காதை எட்டியதற்கும் இடக்காதை எட்டியதற்கும் உள்ள நுண்ணிய கால வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை பெரும்பாலும் திசை அறிகிறது. தண்ணீருக்குள் அந்த வித்தியாசம் நாலில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, ஒலி காதுத் துளையை மட்டும் நம்பியிராமல் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் ஏறிவிடுகிறது. மூளை திகைத்துப்போய், சத்தம் உள்ளேயே பிறந்ததாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

தண்ணீர்ச் சுவருக்கு இரண்டு பக்கமும் ஒரே குணம். வெளியே கத்துவது உள்ளே கேட்காதது போலவே, உள்ளே நடக்கும் அமளியும் வெளியே வராது. கரையில் நின்று பார்த்த மனிதன் கடல் ஊமை என்று முடிவுகட்டியதற்கு இதுவே காரணம். 1956இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது வாங்கிய ஜாக் கூஸ்தோவின் கடலடி ஆவணப்படத்துக்குப் பெயரே 'மௌன உலகம்'தான்.

மட்டக்களப்பு வாவியில் தோணி விடுகிறவர்களைக் கேட்டிருந்தால் அந்தப் பெயருக்குச் சிரித்திருப்பார்கள். அங்கே நிலாக்காலத்தில் கல்லடிப் பாலத்தருகே துடுப்பின் ஒரு முனையை நீரில் ஊன்றி, மறுமுனையைக் காதோடு சேர்த்துக் கேட்பது பழைய வழக்கம். அடியிலிருந்து நரம்பை மீட்டியது போன்ற ஒலிகள் வரும். 'மீன் பாடும் தேன் நாடு' என்ற பெயர் அப்படி வந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையில் ஆங்கில ஆட்சியின் உயர் அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட் இதைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். கத்துவது மீன் இல்லை, 'ஊரி' என்னும் சங்கினம் என்று மீனவர்கள் அவரிடம் சொன்னார்கள். பாடியது யாராக இருந்தாலும், துடுப்பு செய்த வேலை தெளிவானது. நீருக்குள் பிறந்த ஒலி, நீர்ப்பரப்பு என்ற சுவரில் முட்டாமல், மரத்தின் வழியாகவே காதுக்கு ஏறி வந்தது.

கண் தோற்கும் இடம்

கடலுக்குள் 200 மீட்டர் இறங்குவதற்குள் பகல் வெளிச்சம் அநேகமாகத் தீர்ந்துவிடும். கலங்கிய கடலோர நீரில் சில மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. ஒலிக்கு அந்தத் தடை இல்லை. 1826இல் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஏரியில் டேனியல் கொலாடோனும் சார்ல்ஸ் ஸ்டர்மும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு படகிலிருந்து மணியை நீருக்குள் இறக்கி அடித்தார்கள். அடித்த கணத்திலேயே மேலே வெடிமருந்தைப் பற்றவைத்தார்கள். 13 கிலோமீட்டருக்கு அப்பால் இன்னொரு படகில் இருந்தவர், நீண்ட குழலை நீரில் இறக்கிக் காதை வைத்துக் காத்திருந்தார். வெளிச்சம் தெரிந்து ஒன்பது நொடிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் மணியோசை வந்தது. 13 கிலோமீட்டர் தள்ளி அடித்த மணி! மட்டக்களப்புத் துடுப்பின் வேலையைத்தான் அந்தக் குழலும் செய்தது.

கடல்வாழ் உயிர்கள் ஒலியைப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை. நீலத் திமிங்கிலத்தின் தாழ்ந்த குரல் பல நூறு கிலோமீட்டர் போகும். கத்தாளை இன மீன்கள் தம் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையை மேளமாக அடித்து இணையை அழைக்கும். பவளத்திட்டில் பிறந்து கடலோடு போன மீன்குஞ்சுகளுக்கு, வீடு திரும்பும்போது திட்டின் சலசலப்பும் ஒரு வழிகாட்டி. ஓங்கல்களும் அவற்றின் பெரிய உறவான ஓர்காவும் 'டிக், டிக்' என்று ஒலித்துடிப்புகளை எய்து, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு இரை எங்கே, எவ்வளவு பெரியது என்று அறியும். இதை எதிரொலிநோக்கு என்று சொல்லலாம். நமக்குக் கண் எதுவோ, அவற்றுக்கு அது.

உலைநீர் ஏன் இரைகிறது?

இந்த உலகத்துக்குள் கப்பல் நுழைகிறது. கப்பலின் சத்தம் என்றதும் எஞ்சின் நினைவுக்கு வரும். எஞ்சினுக்கும் பங்கு உண்டு. ஆனால் வேகமாகப் போகும் பெரிய கப்பலில் முதன்மையான சத்தம், பின்னால் சுழலும் உந்துவிசிறியிலிருந்து வருகிறது.

அடுப்பில் உலை வைத்துக் கவனித்துப் பாருங்கள். நீர் கொதிப்பதற்குச் சற்று முன்னால் 'சோ'வென்று இரையும். நன்றாகக் கொதித்த பிறகு அந்த இரைச்சல் தணிந்துவிடும். பானையின் அடியில் பிறந்த நீராவிக் குமிழிகள், மேலே உள்ள சூடு குறைந்த நீருக்குள் ஏறியதும் சட்டென்று நொறுங்குகின்றன. ஆயிரக்கணக்கான குமிழிகள் நொறுங்கும் ஓசைதான் அந்த இரைச்சல்.

உந்துவிசிறியிலும் இதுவே நடக்கிறது, அடுப்பு இல்லாமல். மலை மேலே காற்றழுத்தம் குறைவு. அதனால் கொடைக்கானலில் நீர் 100 டிகிரியை எட்டும் முன்பே கொதித்துவிடும். அழுத்தத்தை இன்னும் இன்னும் குறைத்தால் குளிர்ந்த நீரும் கொதிக்கும். விசிறியின் இதழ் வேகமாகச் சுழலும்போது அதன் ஒரு முகத்தில் அழுத்தம் அந்த அளவுக்கு விழுந்துவிடுகிறது. பச்சைத் தண்ணீர் அங்கே கொதித்துக் குமிழி ஆகிறது. அடுத்த கணம் அழுத்தம் மீண்டதும் குமிழிகள் நொறுங்குகின்றன. இதைக் குமிழ்நொறுக்கம் என்று அழைப்போம். துப்பாக்கி இறால் என்று ஒன்று இருக்கிறது. விரல் நீளம்கூட இல்லாத அது தன் கொடுக்கைச் சொடுக்கி எழுப்பும் வெடிச்சத்தமும் கொடுக்குகள் மோதுவதால் வருவதில்லை, இப்படிக் குமிழி நொறுங்குவதால்தான் என்று 2000இல் கண்டறிந்தார்கள். இறால் ஒரு குமிழியை நொறுக்குகிறது. சரக்குக் கப்பல் கோடிக்கணக்கில் நொறுக்கிக்கொண்டே போகிறது.

இதில் ஒரு நல்ல செய்தியும் ஒளிந்திருக்கிறது. குமிழ்நொறுக்கம் வேகத்தோடு தறிகெட்டு ஏறுவது. வேகத்தைச் சற்றுக் குறைத்தால் சத்தம் நிறையவே குறையும்.

டெசிபல் ஏணி

எவ்வளவு குறையும் என்று பேச ஒரு அளவுகோல் தேவை. டெசிபல் என்பது ஒரு வகை ஏணி. அதில் மூன்று படி ஏறினால் ஒலியின் வலு இரு மடங்கு. பத்துப் படி ஏறினால் பத்து மடங்கு. இருபது ஏறினால் நூறு மடங்கு. இறங்கினாலும் அதே கணக்குத்தான். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். கடலில் அளந்த டெசிபலையும் தெருவில் அளந்த டெசிபலையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடக் கூடாது. இரண்டு ஏணிகளும் வெவ்வேறு தரையில் ஊன்றியவை.

அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரைக்கு அப்பால், சான் நிக்கோலஸ் தீவுக்கு மேற்கே 1960களில் கடலின் பின்னணி இரைச்சலை அளந்திருந்தார்கள். சுமார் 40 ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் மறுபடி அளந்தபோது, கப்பல்களுக்கே உரிய தாழ்ந்த சுருதியில் இரைச்சல் 10 முதல் 12 டெசிபல் ஏறியிருந்தது. அதாவது, குறைந்தது பத்து மடங்கு.

கெட்டிமேளம்

இரைச்சல் கூடினால் என்ன கெட்டுப்போகும்? கல்யாண வீட்டில் இதற்குப் பதில் இருக்கிறது. தாலி கட்டும் வேளை வந்ததும் ஒரு பெரியவர் விரலை உயர்த்தி ஆட்டுவார். "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" தவிலும் நாதஸ்வரமும் ஒரே மூச்சில் உச்சத்துக்குப் போகும். ஏன்? அந்த நேரத்தில் யாராவது தும்மினாலோ, அபசகுனமாக ஒரு சொல் விழுந்தாலோ மணமக்கள் காதில் படக் கூடாது என்பதற்காக. மேளம் தும்மலை நிறுத்துவதில்லை, மூடிவிடுகிறது. ஒலியியலில் இதற்கு ஒலிமறைப்பு என்று பெயர் சொல்லலாம். நம் முன்னோர் அதைச் சடங்காகவே வைத்திருக்கிறார்கள்.

கல்யாணத்தில் அது ஒரு நிமிடம். கடலில் விரலை இறக்க ஆளில்லை.

ஒவ்வோர் உயிருக்கும் தன்னைச் சுற்றி ஒரு கேள்வட்டம் உண்டு. அதற்குள் இருப்பவருக்கே அதன் குரல் எட்டும். இரைச்சல் ஏறினால் இந்த வட்டம் சுருங்கும். திறந்த கடலில் ஒலி எல்லாத் திசையிலும் விரிந்து போவதாக எடுத்துக்கொண்டால், இரைச்சல் ஆறு டெசிபல் ஏறியதும் வட்டத்தின் ஆரம் பாதியாகும்; பரப்பு நாலில் ஒன்றாகும். நூறு ஏக்கரில் உறவினரைக் கூப்பிட்டு வாழ்ந்த உயிருக்கு, யாரும் வேலி போடாமலேயே இருபத்தைந்து ஏக்கர்தான் மிச்சம்.

கல்யாண மண்டபத்தில் நாம் என்ன செய்வோம்? கத்திப் பேசுவோம். ஓர்காக்களும் அதையே செய்கின்றன. சுற்றியுள்ள இரைச்சல் ஒரு டெசிபல் ஏறினால், அவையும் தம் அழைப்பை ஏறக்குறைய ஒரு டெசிபல் உயர்த்துகின்றன என்று 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கத்துவதற்கும் தெம்பு வேண்டும். அதற்கும் ஓர் எல்லை உண்டு.

ஒரு கப்பல், இரண்டு வேகம்

அந்த ஓர்காக்களைத் தேடி ஹாரோ நீரிணைக்குப் போவோம். கனடாவின் வான்கூவர் தீவுக்கும் அமெரிக்காவின் சான் ஹுவான் தீவுக்கும் நடுவே ஓடும் கடல்வழி அது. வான்கூவர் துறைமுகத்துக்குப் போகும் பெருங்கப்பல்கள் அதன் வழியே போய்வருகின்றன. தெற்கத்திக் குடியோர்காக்கள் என்று அழைக்கப்படும் ஒரு கூட்டமும் கோடையில் அங்கேதான் சினூக் சால்மன் மீனைத் தேடி வரும். அந்தக் கூட்டத்தில் எஞ்சியிருப்பவை எழுபதைச் சற்றே தாண்டும். மீன் குறைந்தது, உடலில் நச்சு சேர்ந்தது, கப்பல்களும் படகுகளும் தரும் இரைச்சல் ஆகிய மூன்றும் சேர்ந்து அவற்றை நெருக்குகின்றன.

கப்பல் இரைச்சல் தாழ்ந்த சுருதி, ஓர்காவின் துடிப்போ உச்சச் சுருதி. இரண்டும் மோத வாய்ப்பில்லை என்று ஒருகாலத்தில் நினைத்தார்கள். இதே நீரிணையில் கப்பல்களை வரிசையாகப் பதிவுசெய்து 2016இல் வெளியான ஆய்வு அந்த ஆறுதலையும் எடுத்துக்கொண்டது. கரைக்கு அருகே கப்பல் கடக்கும்போது, ஓர்கா பயன்படுத்தும் உச்சச் சுருதிகளிலும் இரைச்சல் ஏறுகிறது. போய் எதிரொலியாகத் திரும்ப வேண்டிய ஒலி, வழியிலேயே மெலிந்துவிடுவது. அதை மூட மெல்லிய மேளமே போதும்.

2017 ஆகஸ்ட் 7 முதல் அக்டோபர் 6 வரை வான்கூவர் துறைமுக நிர்வாகம் ஒரு சோதனை நடத்தியது. நீரிணையின் 16 கடல்மைல் தூரத்தை 11 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டரில் கடக்கும்படி கப்பல்களைக் கேட்டுக்கொண்டது. கட்டாயம் இல்லை. நீருக்குள் வைத்த நீரொலிவாங்கிகள் கப்பல் கப்பலாக அளந்தன. கொள்கலன் கப்பல்களின் சத்தம் சராசரியாக 11.5 டெசிபல் இறங்கியது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். மெதுவாகப் போகும் கப்பல் கூடுதல் நேரம் அங்கேயே இருக்குமே? சத்தம் குறைந்தாலும் நேரம் நீண்டால் லாபம் என்ன? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒரு கொள்கலன் கப்பல் வழக்கமாக 18 நாட்டில் போவதாக வைத்துக்கொள்வோம். 16 கடல்மைலைக் கடக்க 53 நிமிடம். 11 நாட்டில் 87 நிமிடம். ஆக, கப்பல் 34 நிமிடம் கூடுதலாக இரைகிறது. நேரம் சுமார் 1.6 மடங்கு. இனி சத்தம். 11.5 டெசிபல் இறக்கம் என்றால் ஏணிக் கணக்குப்படி ஒலியின் வலு பதினாலில் ஒரு பங்கு. பதினாலில் ஒரு பங்குச் சத்தம், 1.6 மடங்கு நேரம். கூட்டிக் கழித்தால் அந்தக் கப்பல் நீரிணையில் கொட்டிவிட்டுப் போகும் ஒலியாற்றல் முன்பைவிட ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. அரைமணி நேரத் தாமதத்துக்கு இது மலிவான வியாபாரம்.

ஊர் முழுக்கச் சேர்ந்தால்

ஒரு கப்பலின் கணக்கு இப்படி. முழு நீரிணையின் கணக்கு அவ்வளவு அழகாக வரவில்லை. சோதனையில் சேர்ந்தது 61 விழுக்காடு பயணங்கள்தான். சரக்கை மொத்தமாகக் கொட்டி ஏற்றும் கப்பல்களும் எண்ணெய்க் கப்பல்களும் முன்பே மெதுவாகப் போகிறவை. அவற்றில் இறக்கம் ஆறு டெசிபல் அளவே. போதாததற்குக் காற்று, நீரோட்டம், சிறு படகுகள். ஓர்காக்கள் அதிகம் வரும் லைம் கில்ன் கலங்கரை விளக்கத்தருகே எல்லாப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் இரைச்சல் 1.2 டெசிபல்தான் இறங்கியிருந்தது. காற்றும் சிறு படகும் செய்த குழப்பத்தை விலக்கிப் பார்த்தால் 2.5 டெசிபல்.

இரண்டரை டெசிபல்தானா என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள், ஒலியின் வலுவில் அது நாற்பது விழுக்காட்டுக்கும் மேலான குறைவு. ஓர்காக்களின் வேட்டைக்கு இது என்ன தரும் என்று ஆய்வாளர்கள் கணினியில் பாவித்துப் பார்த்தார்கள். இரைச்சலால் வீணாகும் இரைதேடும் நேரத்தில் 22 விழுக்காடு மிச்சமாகும். எல்லாக் கப்பல்களும் சேர்ந்திருந்தால் 40 விழுக்காடு என்று விடை வந்தது. சினூக் பெருகாமல் ஓர்காவின் வயிறு நிறையாது. கப்பலை மெதுவாக ஓட்டி மீனை உண்டாக்க முடியாது. இருக்கிற சொற்ப மீனையாவது அது கண்டுபிடிக்கட்டும் என்பதுதான் இதன் நோக்கம். அடுத்தடுத்த ஆண்டுகளில் கப்பலின் வகைக்கு ஏற்ப வேகத்தை மாற்றி அமைத்தார்கள். சேர்ந்துகொண்ட கப்பல்களின் பங்கு 80 விழுக்காட்டைத் தாண்டியது.

மற்ற மேளங்கள்

கப்பல் ஓயாத மேளம். கடலில் இடிகளும் உண்டு. காற்றாலைக்காகக் கடலடியில் எஃகுத் தூணை அறையும் சம்மட்டி அதில் ஒன்று. வட கடலில் இதற்கு ஜெர்மனி எல்லை வகுத்தது: அடிக்கும் இடத்திலிருந்து 750 மீட்டர் தள்ளி, ஓர் அடியின் ஒலி 160 டெசிபலைத் தாண்டக் கூடாது. இதற்காகக் கையாளும் உபாயங்களில் ஒன்று குமிழித்திரை. துளையிட்ட குழாயைத் தூணைச் சுற்றிக் கடல்தரையில் வளையமாகப் போட்டுக் காற்றைச் செலுத்துவார்கள். கீழிருந்து மேல்வரை குமிழிகள் திரையாக எழும். கிணற்றடியில் அம்மாவின் குரலைத் தடுத்த சுவர் நினைவிருக்கிறதா? காற்றும் நீரும் சந்திக்கும் அதே சுவரை இங்கே செங்குத்தாக எழுப்பிவிடுகிறார்கள்.

இன்னொன்று, ஒலியை எய்து எதிரொலியைக் கொண்டு நீருக்குள் தேடும் போர்க்கப்பல்களின் சோனார். 2002 செப்டம்பரில் ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் கடற்படைப் பயிற்சியை ஒட்டி 14 அலகுத் திமிங்கிலங்கள் கரையொதுங்கின. அவற்றின் உடலுக்குள் வாயுக் குமிழிகள் இருந்தன. ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்த முக்குளிப்பவர்களுக்கு நேர்வது போல. 2004இல் ஸ்பெயின் அந்தத் தீவுகளைச் சுற்றிச் சோனாருக்குத் தடை போட்டது. அதன்பின் அங்கே அப்படிக் கூட்டமாகக் கரையொதுங்கவில்லை என்று 2013இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

சட்டங்கள் மெதுவாகத்தான் வருகின்றன. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு கப்பல் சத்தத்தைக் குறைக்க 2014இல் நெறிமுறை தந்து 2023இல் திருத்தியது. அது இன்னும் அறிவுரைதான், ஆணை இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் ஓர் எண்ணைச் சொன்னது: ஓர் இனம் வாழும் பரப்பில் 20 விழுக்காட்டுக்கு மேல், அதற்குத் தீங்கு செய்யும் அளவு இரைச்சல் ஓயாமல் இருக்கக் கூடாது. வான்கூவர் துறைமுகம் பணத்தின் வழியில் போனது. சத்தம் குறைந்த கப்பல்களுக்கு 2017 முதல் துறைமுகக் கட்டணத்தில் தள்ளுபடி தருகிறது.

விரல் இறங்கிய நாள்

மேளம் உண்மையிலேயே நின்றுபோனால் என்ன ஆகும்? இதை யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. உலகக் கப்பல் போக்குவரத்தை ஒரு பரிசோதனைக்காக நிறுத்த முடியாது. ஆனால் ஒருமுறை, ஒரு கடற்பகுதியில் மட்டும் அது பெருமளவு குறைந்தது. காரணம் மிகத் துயரமானது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் சில நாட்கள் வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கப்பல் நடமாட்டம் சரிந்தது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் அப்போது இரண்டு ஆய்வுகள் நடந்துகொண்டிருந்தன. ஒரு குழு ரைட் திமிங்கிலங்களின் குரலைப் பதிவுசெய்துகொண்டிருந்தது. மற்றது அவற்றின் சாணத்தைச் சேகரித்துக்கொண்டிருந்தது. சாணம் கொஞ்ச நேரம் மிதக்கும். அதற்குள் வலையில் கோலி எடுக்க வேண்டும். அதிலிருந்து விலங்கின் உடலில் எவ்வளவு பதற்றச் சுரப்புநீர் ஊறியிருக்கிறது என்று அறியலாம்.

இரண்டு பதிவுகளையும் பின்னாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2012இல் முடிவு வெளியானது. அந்த நாட்களில் விரிகுடாவின் இரைச்சல் 6 டெசிபல் இறங்கியிருந்தது. திமிங்கிலங்களின் பதற்றச் சுரப்புநீரும் இறங்கியிருந்தது. மற்ற ஆண்டுகளின் அதே பருவத்தில் அப்படி எந்த இறக்கமும் இல்லை. அதுவரை அந்தத் திமிங்கிலங்கள் பதற்றத்தில் இருந்ததாக யாரும் அறிந்திருக்கவில்லை. பதற்றமே அவற்றின் அன்றாடமாக இருந்தது.

கடலில் கலந்த பாதரசத்தை எடுக்க முடியாது. பிளாஸ்டிக் நம் பேரப்பிள்ளைகளின் காலத்திலும் மிதக்கும். இரைச்சல் மட்டும் எச்சம் வைக்காத மாசு. விசிறி மெதுவாகச் சுழன்ற கணத்திலேயே குமிழிகள் நொறுங்குவது குறைகிறது, கேள்வட்டம் விரிகிறது. ஃபண்டியில் அதற்குச் சில நாட்களே போதுமாக இருந்தன. ஹாரோ நீரிணையில் ஒரு கப்பலுக்கு 34 நிமிடம்.

கல்யாண வீட்டில் விரலை உயர்த்துகிற பெரியவருக்கு அதை எப்போது இறக்க வேண்டும் என்பதும் தெரியும். மூன்று முடிச்சும் விழுந்ததும் இறக்கிவிடுவார். மேளம் தணியும், மண்டபத்தில் யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பது மறுபடி கேட்கத் தொடங்கும்.